கம்பளிக்குள்ளே கையை விடுங்கள்

கால்நடை கேள்வி - பதில்

போன இதழில், ஒட்டகத்தின் உறவான கம்பளி விலங்கு அல்பாக்காவின் வளர்ப்பு பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் புழுக்களைப் பற்றி ஒரே ஒரு வரி: "குடற்புழு நீக்கத்தைக் கவனிக்க வேண்டும்." எழுதும்போதே இது போதாது என்று தெரியும், இடம் தீர்ந்துவிட்டது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. சரி, இந்த முறை முழுக்க ஒட்டுண்ணிதான். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு அப்புறம் வாருங்கள்.

கே: டாக்டர், எங்களிடம் எட்டு அல்பாக்காக்கள் இருந்தன. மாதம் தவறாமல் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் புழு மருந்து கொடுத்துவிடுவோம். போன வாரம் நாலு வயதுப் பெட்டை ஒன்று காலையில் மேய்ந்துகொண்டிருந்தது, மாலையில் படுத்தது, அப்புறம் எழவே இல்லை. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை, பார்க்கப் புசுபுசுவென்று நன்றாகத்தான் இருந்தது. அறுத்துப் பார்த்ததில் வயிறு முழுக்கப் புழு என்கிறார்கள். மாதாமாதம் மருந்து கொடுத்தும் எப்படி?

ப: மாதாமாதம் கொடுத்ததுதான் காரணமாக இருக்கும் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். இழப்பு பெரியது, புரிகிறது. ஆனால் மிச்சம் ஏழு இருக்கின்றனவே, அவற்றுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஹீமாங்கஸ் புழுவின் வேலை. செம்மறி, வெள்ளாடு வளர்க்கிறவர்களுக்கு நன்றாகவே அறிமுகமான எதிரி. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். பெண்புழுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் கயிறு திரித்தது போலச் சுற்றிச் சுற்றிப் போகும். சிவப்பு, அது குடித்த ரத்தம் நிறைந்த குடல், வெள்ளை அதன் கருப்பை. அல்பாக்காவுக்கு வயிறு மூன்று அறை. மூன்றாவது அறையின் சுவரைக் கடித்து இது ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. 60 கிலோ அல்பாக்காவின் உடம்பில் ரத்தமே மொத்தம் நாலு, நாலரை லிட்டர்தான், எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இதில் பெண்புழு ஒவ்வொன்றும் தினமும் 5,000 முட்டைக்குக் குறையாமல் போட்டு மேய்ச்சல் நிலத்தை வேறு நிரப்பிக்கொண்டிருக்கும்.

கழிச்சல் ஏன் வரவில்லை என்றால், இந்தப் புழு ரத்தத்தைத்தான் எடுக்கிறது, குடலைப் புண்ணாக்கிக் கழிய வைப்பதில்லை. புழுக்கை கடைசி நாள்வரை உருண்டையாக, அழகாகவே விழும். "கழிச்சல் இல்லை, அதனால் புழு இல்லை" என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

அல்பாக்காவுக்கு இன்னொரு வம்பும் உண்டு. தென் அமெரிக்காவில், ஆக்சிஜன் குறைந்த ஆண்டிஸ் மலையில், 3,500 மீட்டருக்கு மேலே வாழப் பழகிய இனம் இது. நம்முடைய சிவப்பணு வட்டத் தட்டு மாதிரி என்றால் இதனுடையது நீள்வட்டம், அளவிலும் சின்னது, ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வசதியால் மற்ற விலங்குகள் விழுந்துவிடும் அளவுக்கு ரத்தம் குறைந்த பிறகும் இது நின்று மேய்ந்துகொண்டிருக்கும். சாதாரணமாக நூற்றுக்கு 25க்கு மேல் இருக்க வேண்டிய சிவப்பணுப் பங்கு 10க்கும் கீழே போய், அப்போதும் தன் காலால் நடந்து வந்த அல்பாக்காக்கள் உண்டு. தன் நோயைக் காட்டிக்கொள்ளாத குணம் வேறு. மந்தையில் இருக்கும் இரைவிலங்கு, பலவீனம் தெரிந்தால் முதலில் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று அதற்குத் தெரியும் போல.

புசுபுசுவென்று இருந்தது என்கிறீர்களே, அது கம்பளி. உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தாலும் வெளியே மேகம் மாதிரிதான் தெரியும். அல்பாக்காவைக் கண்ணால் பார்த்து எடைபோடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் கம்பளியைப் பிரித்துக்கொண்டு உள்ளங்கையை வையுங்கள், கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். நடுவில் எலும்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் சதை கூரை மாதிரி நேராகச் சரிந்து இறங்கினால் நல்ல உடம்பு. சரிவு உள்ளே குழிந்து, முள் விரலில் குத்தினால் மெலிந்துவிட்டது. வெளியே புடைத்தால் கொழுப்பு. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள், மூன்று இருந்தால் போதும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கூடவே கீழ்க்கண் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். இமை நிறத்தை ஒப்பிட ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் செம்மறிகளுக்காக உருவாக்கியது, அல்பாக்காவுக்கும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

இனி மருந்துக்கு வருகிறேன். ஒரே மருந்தை, எல்லா விலங்குக்கும், ஒவ்வொரு மாதமும் கொடுத்தால் என்ன நடக்கும்? அந்த மருந்துக்குச் சாகிற புழு செத்துவிடும். சாகாத சில தப்பும். தப்பியவை முட்டையிடும், அந்தக் குஞ்சுகள்தான் அடுத்த மாதம் புல்லில் இருக்கும். கலந்து இனப்பெருக்கம் செய்ய, மருந்துக்குப் பலியாகக்கூடிய புழுவே நிலத்தில் மிச்சம் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் நிலத்துக்கென்றே மருந்தை மதிக்காத ஒரு புழு வம்சம் தயார். இதோடு, எடை போடாமல் குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம். மாட்டுக்கு முதுகில் ஊற்றுகிற மருந்தை அல்பாக்காவின் கம்பளி மேல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உடம்புக்குள் சரியாகப் போய்ச் சேருவதில்லை.

ஏழுக்கும் இப்போதே தனித்தனியாகப் புழுக்கை எடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். மந்தையில் ஐந்தில் ஒன்றுதான் பெரும்பாலான புழுவைச் சுமந்துகொண்டிருக்கும், அதற்கு மட்டும் மருந்து போதும், மற்றவற்றை விட்டுவைக்க வேண்டும். மருந்து கொடுத்துப் பத்து முதல் பதினாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். முட்டை நூற்றுக்கு 95 குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் நிலத்தில் தோற்றுவிட்டது, வேறு வகைக்கு மாற வேண்டும். எந்த வகை, எவ்வளவு அளவு என்பதை இங்கே எழுத மாட்டேன். பல நாடுகளில் அல்பாக்காவுக்கென்று அனுமதி பெற்ற புழு மருந்தே கிடையாது, ஆட்டுக்கான மருந்தை அளவு மாற்றிக் கொடுக்கிறார்கள். சில மருந்தில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. விலங்கை நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கே: அல்பாக்கா ஒரே இடத்தில்தான் சாணம் போடும், அந்த இடத்தில் மேயாது, அதனால் அதற்குப் புழுத் தொல்லையே வராது என்று விற்றவர் சொன்னார். உண்மையா?

ப: முதல் பாதி உண்மை. மந்தை முழுக்க ஒரு பொதுக் கழிப்பிடம் வைத்துக்கொள்ளும், ஒன்று போனால் பின்னாலேயே நாலு வரிசையில் நிற்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். விற்கிறவர்களுக்கு இது நல்ல விளம்பரம்.

ஆண்டிஸில் இது நன்றாக வேலை செய்தது, ஏனென்றால் அங்கே மேய்ச்சல் பரந்து கிடக்கிறது, காற்று உலர்ந்தது, இரவில் உறைபனி, ஹீமாங்கஸ் முட்டை பொரிக்கக் கேட்கிற வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். 1980களில் அல்பாக்காக்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று மலையிறங்கித் தாழ்ந்த, வெதுவெதுப்பான, ஈரமான நிலங்களுக்குப் போக ஆரம்பித்தன. அங்கே செம்மறியும் வெள்ளாடும் ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்த புழுக்கள் இவற்றுக்காகவே காத்திருந்தது போல ஆயிற்று. அந்தப் புழுக்களோடு வாழ்ந்து பழகாத உடம்பு.

வேலி போட்ட சின்ன நிலத்தில் என்ன ஆகும் என்றால், மழை பெய்து சாணமேடு கரைந்து பரவும், அங்கே உரம் ஏறி முளைக்கிற புல்தான் இருப்பதிலேயே பச்சையாக இருக்கும். புல் தட்டுப்பாடு வந்தால் எந்த அல்பாக்காவும் கொள்கை பேசாது, போய் மேயும். குட்டிகள் சும்மாவே அங்கே போய் முகர்ந்து, மண்ணை நக்கிப் பார்க்கும். வெப்பமும் ஈரமும் இருந்தால் முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும், அதனால் வாரத்துக்கு இரண்டு முறையாவது சாணமேட்டை அள்ளிவிடுங்கள். ஒரே இடத்தில் கிடப்பதால் அள்ளுவது சுலபம், இந்தப் பழக்கத்தின் உண்மையான லாபம் அதுதான்.

அப்புறம் புல்லின் உயரம். புழுக்குஞ்சுகள் பனி ஈரத்தில் புல்லில் ஏறும், ஆனால் ரொம்ப உயரம் போகாது, பெரும்பாலும் அடியில் ஐந்தாறு சென்டிமீட்டரிலேயே இருக்கும். புல்லை மொட்டையாக மேயவிட்டால் நேராகப் புழுவை ஊட்டுகிறீர்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து அரைச்சாணுக்கு வந்ததுமே அடுத்த நிலத்துக்கு மாற்றுங்கள். அல்பாக்கா விட்டுப்போன நிலத்தைக் குதிரையோ மாடோ மேய்ந்தால் நல்லது, அவை விழுங்குகிற அல்பாக்காப் புழு பெரும்பாலும் அங்கேயே செத்துப்போகும். ஆட்டை விட்டால் நேர்மாறு, அதே புழு இரண்டுக்கும் சொந்தம்.

கே: என் ஒன்றரை வயதுக் கிடா இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே போகிறது. இரண்டு தடவை சாணம் பரிசோதித்தோம், "முட்டை இல்லை" என்று அறிக்கை. புழு மருந்தும் கொடுத்துப் பார்த்தோம். தீவனத்தை மாற்றச் சொல்கிறார்கள். வேறு என்ன இருக்கும், டாக்டர்?

ப: பல் தேய்மானம், வயிற்றுப்புண் என்று பல காரணம் இருக்கலாம், எழுத்தில் படித்துவிட்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அல்பாக்கா மெலிகிறது, சாணத்தில் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு முதலில் தோன்றும் பெயர் ஐமீரியா மக்குசானியென்சிஸ். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெருவில் பூனோ பகுதியில் மக்குசானி என்று ஒரு ஊர், அந்த ஊர்ப் பெயரை 1971ல் இதற்கு வைத்தார்கள். வளர்ப்பவர்கள் சுருக்கமாக "இ-மாக்" என்பார்கள்.

இது புழுவே இல்லை. கோழிக்கு ரத்தக் கழிச்சல் தருகிற ஓரணு உயிரியின் இனம். அதனால்தான் புழு மருந்து இதை அசைக்காது, எந்தக் கம்பெனி மருந்தானாலும் சரி.

சாணத்தில் ஏன் தெரியவில்லை? இரண்டு காரணம். விழுங்கியதிலிருந்து முட்டை போன்ற அதன் உறைகள் சாணத்தில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆனால் அது குடல் சுவருக்குள் பெருகிச் செல்களை உடைக்கிற நாசம் அதற்கு முன்பே நடந்துவிடும். மெலியும், ரத்தத்தில் புரதம் இறங்கும், சில சமயம் கழிச்சல்கூட இல்லாமல் செத்தும் போகும். சாணம் அப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் பரிசோதிக்கும் முறை. அந்த உறை பெரியது, கிட்டத்தட்ட மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். அடர்ந்த பழுப்பு நிறம், கெட்டியான ஓடு, ஒரு முனை குறுகி பேரிக்காய் மாதிரி. ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்தால் மறக்காது, நான் முதலில் பார்த்தபோது ஏதோ விதை விழுந்துவிட்டது என்று கண்ணாடித் துண்டையே மாற்றப் போனேன். கனமாக இருப்பதால் ஆட்டுச் சாணத்துக்குப் பயன்படுத்துகிற உப்புக் கரைசலில் மிதக்காமல் அடியில் தங்கிவிடும். கெட்டியான சர்க்கரைக் கரைசலில் கலந்து, மையவிலக்கியில் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால்தான் மேலே வரும். ஆகவே பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சர்க்கரைக் கரைசலில் சுற்றினீர்களா? "இல்லை" என்றால் அந்த இரண்டு அறிக்கையையும் ஓரமாக வைத்துவிடுங்கள். டாக்டர் சந்தேகப்பட்டால் பிசிஆர் பரிசோதனையும் சொல்லலாம், சில சமயம் ரத்தப் புரதம் விழுந்திருப்பதை வைத்து முடிவு வருவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். நானும் அப்படித்தான் செய்வேன், காத்திருந்து இழப்பதைவிட அது மேல்.

இதற்கு டோல்ட்ராசுரில், போனாசுரில், ஆம்ப்ரோலியம் என்று மருந்துகள் உண்டு. ஆம்ப்ரோலியம் கொடுக்கச் சொன்னால் வைட்டமின் பி1 பற்றியும் கேட்டுவிடுங்கள். அந்த மருந்து பி1 சத்தைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது, நாள் நீண்டால் விலங்கின் மூளையே பாதிக்கப்படும்.

கே: எங்கள் நிலத்தை ஒட்டிக் காடு, வெள்ளைவால் மான்கள் வேலிவரை வரும். பக்கத்துப் பண்ணையில் ஒரு அல்பாக்கா பின்னங்கால் தள்ளாடி விழுந்து இறந்தது, "மூளைப்புழு" என்றார்கள். மாதம் ஒரு ஐவர்மெக்டின் ஊசி போட்டால் வராதாம். நீங்களோ மாதாமாதம் மருந்து கூடாது என்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ப: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அல்பாக்கா வைத்தியத்தில் எனக்கே நிம்மதி தராத கேள்வி இது.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், வெள்ளைவால் மான் இருக்கிற இடத்தில் இருக்கிற புழு இது. மானின் மூளையைச் சுற்றிய சவ்வில் வாழும், மானுக்கு ஒரு தலைவலிகூட வராது. குஞ்சுகள் மான் புழுக்கையில் வெளியே வந்து, நத்தைக்குள்ளும் ஓடில்லாத வழவழ நத்தைக்குள்ளும் போய் வளரும். புல்லோடு சேர்த்து அந்த நத்தையை அல்பாக்கா விழுங்கினால், குஞ்சு குடலைத் துளைத்துத் தண்டுவடத்துக்குப் போகும். மானுக்குள் வழி தெரிந்த புழு இங்கே வழி தெரியாமல் அலையும், அலைகிற இடமெல்லாம் நரம்பு கெடும். ஒன்றரை இரண்டு மாதம் கழித்துப் பின்னங்காலில் ஆரம்பிக்கும். திரும்பும்போது கால் பின்னிக்கொள்ளும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், பாதத்தை மடக்கி ஊன்றும். இதற்குச் சாணப் பரிசோதனை பயன்படாது, அல்பாக்காவுக்குள் அந்தப் புழு முட்டையிடும் நிலைக்கே வருவதில்லை.

மாத ஊசியின் கணக்கு என்ன? குஞ்சு தண்டுவடத்தை எட்டுவதற்கு முன்னால் வழியிலேயே கொன்றுவிடுவது. உள்ளே போய்விட்டால் ஐவர்மெக்டின் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பைத் தாண்டாது, அப்போது ஃபென்பெண்டசோலை அதிக அளவில் சேர்ந்தாற்போல் ஐந்து நாள், கூடவே வீக்கம் குறைக்கும் மருந்து என்று போக வேண்டும். கால் முழுக்க விழுவதற்குள் ஆரம்பித்தால் பிழைக்கும், சிலவற்றுக்கு நடையில் கோணல் தங்கிவிடும். ஆக, ஊசி அந்தப் புழுவுக்குச் சரியான தடுப்புதான். ஆனால் அதே ஊசி ஒவ்வொரு மாதமும் வயிற்றில் இருக்கிற ஹீமாங்கஸுக்கும் பாடம் நடத்துகிறது. மான் புழுவுக்குப் பயந்து ஊசி போட்ட பண்ணைகளில் ஐவர்மெக்டினுக்கு மசியாத ஹீமாங்கஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் என்ன செய்வேன் என்றால், முதலில் மானை வெளியே நிறுத்தப் பார்ப்பேன், உயரமான வேலி ஒரு தடவைச் செலவு. காட்டோரத்தில் சதசதப்பான, நத்தை மண்டும் பட்டையை மேய்ச்சலிலிருந்து வெட்டிவிடுவேன். வாத்து, கினிக்கோழி விட்டால் நத்தையைப் பொறுக்கும். இவ்வளவும் செய்தும் மான் வருகிற இடம் என்றால், பக்கத்தில் ஒன்று செத்தும் இருக்கிறது என்றால், ஊசியைப் போடத்தான் சொல்வேன். ஆனால் இனிமேல் வயிற்றுப் புழுவுக்கு ஐவர்மெக்டினை நம்ப மாட்டேன், இமையும் முதுகும் சாண எண்ணிக்கையும் பார்த்து அதற்கு வேறு வகை மருந்துதான். பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னதும் தப்பில்லை, நான் சொன்னதும் தப்பில்லை. இரண்டு வெவ்வேறு புழு.

கே: அல்பாக்காவின் கால்விரல் இடுக்கிலும் வால் அடியிலும் தோல் தடித்துச் செதில் செதிலாக உரிகிறது. சொறி என்று மூன்று ஊசி போட்டாயிற்று, குறையவே இல்லை. மருந்து போலியா?

ப: மருந்தைத் திட்டுவதற்கு முன்னால் எந்தச் சொறி என்று பாருங்கள். சொறிப் பூச்சி ஒன்றல்ல. சார்கோப்டிஸ் தோலுக்குள் சுரங்கம் தோண்டி இருப்பது. அக்குள், தொடை இடுக்கு, வயிறு சிவந்து, அரிப்பு தாங்காமல் விலங்கு மேய்வதையே விட்டுவிட்டு உரசிக்கொண்டிருக்கும். அதற்கு ஊசி கேட்கும், ஏனென்றால் மருந்து ரத்தத்தில் போய்த் தோலுக்குள் இருக்கிற பூச்சியை எட்டுகிறது. கோரியோப்டிஸ் மேலாக உட்கார்ந்து உதிர்கிற தோலைத் தின்னும், ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. நீங்கள் சொல்கிற விரல் இடுக்கும் வாலடியும் இதற்குப் பிடித்த இடங்கள். செதிலை ஊறவைத்து நீக்கிவிட்டு மேலே போடுகிற மருந்துதான் வேண்டும். அதோடு சேர்ந்து பழகிய எல்லா அல்பாக்காவுக்கும் சேர்த்து, திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் மற்றவை திருப்பிக் கொடுத்துவிடும்.

தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுரண்டலில் பூச்சி கிடைக்கவில்லை என்பதற்காக இல்லை என்று அர்த்தமில்லை, நாலைந்து இடத்தில் சுரண்ட வேண்டும். எதுவுமே கிடைக்காமல், அரிப்பும் இல்லாமல் தோல் தடித்தால் துத்தநாகக் குறையையும் நினைக்கலாம்.

சொறியைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பானியர்கள் ஆண்டிஸுக்கு வந்த புதிதில், 1544-45 வாக்கில், ஒரு சொறி நோய் பரவி லாமா, அல்பாக்கா மந்தைகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததாக அந்தக் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன.

கே: ரசாயன மருந்து வேண்டாம் என்று பூண்டும் மூலிகைப் பொடியும் கொடுக்கிறேன். போதுமா?

ப: போதாது. பூண்டு கொடுத்து முட்டை எண்ணிக்கை நம்பகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. பிடித்திருந்தால் கொடுங்கள், ஆனால் அதை மருந்துக் கணக்கில் எழுதாதீர்கள். ஆட்டுக்குக் கொடுக்கிற செம்புக் கம்பித் துகள் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், அல்பாக்காவின் ஈரல் செம்பைத் தாங்காது. இயற்கை முறை வேண்டும் என்றால் மேலே எழுதிய சாணம் அள்ளுவதும் புல்லை உயரமாக விடுவதும்தான். முதுகு வலிக்கும், பாட்டிலில் வராது, அதனால் யாரும் விற்பதும் இல்லை.

கே: பெருவில் அல்பாக்கா இறைச்சியில் அரிசி மாதிரி வெள்ளைக் கட்டிகள் இருக்கும் என்று படித்தேன். அதுவும் புழுவா? நான் கால்நடை அறிவியல் மாணவி, சார்.

ப: அங்கே அதற்குப் பெயரே "அர்ரோசில்யோ", குட்டி அரிசி என்று பொருள். அது சார்கோசிஸ்டிஸ் என்ற ஓரணு உயிரியின் பை. தசைக்குள், முக்கியமாகக் கழுத்துத் தசையில், வெள்ளையாக அரிசிமணி போலவே உட்கார்ந்திருக்கும். பை வளர்வது ரொம்ப மெதுவாக, அதனால் வயதான விலங்கில்தான் நிறையப் பார்க்கலாம். உயிரோடு இருக்கும்போது அல்பாக்கா பெரும்பாலும் எதையும் காட்டாது. அடி விழுவது வளர்ப்பவருக்கு, அப்படிப்பட்ட இறைச்சியை வாங்க மாட்டார்கள், விலை சரியும்.

இதன் சுற்றைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காமல் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள், அம்மா. கட்டி இருக்கிற இறைச்சியை விற்க முடியாது, அதனால் மேய்ப்பர் அதைப் பச்சையாக நாய்க்குப் போடுகிறார். நாயின் குடலில்தான் அது இனம் பெருக்குகிறது. அந்த நாய் மந்தையோடு மேய்ச்சலுக்குப் போய் அங்கேயே கழிக்கிறது, அந்தப் புல்லை அல்பாக்கா தின்கிறது. விற்க முடியாத இறைச்சியே அடுத்த மந்தையின் இறைச்சியையும் விற்க முடியாமல் செய்கிறது. நாய்க்குப் பச்சை இறைச்சி போடாமல் நன்றாக வேகவைத்துப் போட்டாலே சங்கிலி அறுந்துவிடும். சொல்வது சுலபம், விறகே அரிதான உயரத்தில் நாய்க்குத் தனியாக வேகவைப்பது சுலபமில்லை. மனிதர்கள் அரைவேக்காட்டில் தின்றால் வயிற்றுப்போக்கு வரும்.

கே: புதிதாக இரண்டு வாங்கப் போகிறோம். வந்ததும் ஒரு டோஸ் மருந்து கொடுத்து மந்தையில் விட்டுவிடலாமா? ஒரு வாரம் தனியாக வைத்தால் போதும் என்கிறார் என் மைத்துனர்.

ப: மைத்துனரிடம் ஒரு மாதம் என்று சொல்லுங்கள், முடிந்தால் இன்னும் கொஞ்சம், இ-மாக் வெளியே தெரியவே அவ்வளவு நாள் ஆகிறதே. தனிப் பட்டி, தனி வாளி, பழைய மந்தையைப் பார்த்த பிறகு புதியவற்றைப் பார்ப்பது. ஒரு டோஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, விற்றவரின் நிலத்தில் தோற்ற மருந்தாக அது இருந்தால் தோற்காத புழுவை மட்டும் வடிகட்டி உங்கள் நிலத்தில் கொண்டுவந்து விடுகிறீர்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். சதுப்பு நிலத்தில் மேய்ந்து வந்தவை என்றால் ஈரல் தட்டைப்புழுவையும் தேடச் சொல்லுங்கள், அது சர்க்கரைக் கரைசலில் மிதக்காது, முட்டையை அடிவண்டலில்தான் தேட வேண்டும்.

சாணம் எடுக்கிற விதமும் சொல்லிவிடுகிறேன். மேட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் அது யாருடையது என்று தெரியாது. போகிறபோதே பின்னால் நின்று, விழுந்த சூட்டோடு பத்துப் பதினைந்து புழுக்கை எடுங்கள், காற்றைப் பிதுக்கிப் பையைக் கட்டி, விலங்கின் பெயர் எழுதி, குளிர்பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைத்துவிடாதீர்கள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.

கே: டாக்டர் மாமா, எனக்குப் பத்து வயது. எங்கள் அல்பாக்கா என் மூஞ்சியில் துப்பிவிட்டது. கொஞ்சம் வாயிலும் போய்விட்டது. எனக்கு வயிற்றில் புழு வருமா?

ப: வராது, தம்பி. அது துப்புவது முதல் வயிற்று அறையிலிருந்து வருகிற பாதி அரைத்த புல், நாற்றம் மட்டும்தான். நான் சொன்ன ரத்தம் குடிக்கிற புழு மூன்றாவது அறையில் இருக்கிறது, அதன் முட்டை வெளியே வருவது வாலுக்குக் கீழே. நீ கவனமாக இருக்க வேண்டியது அந்தப் பக்கம்தான். குட்டி கழிந்துகொண்டிருந்தால் அதைத் தூக்கிக் கொஞ்சாதே, கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று உனக்கும் வந்து வயிற்றைக் கலக்கும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவு, கைக்குப் பூசுகிற சானிடைசர் அதைக் கொல்லாது. மற்றபடி, தீவன வாளிக்கும் அதற்கும் நடுவில் நீ நின்றிருப்பாய். அடுத்த தடவை பக்கவாட்டில் நில்.